நன்றாகப் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள்

பக்கவாத மறுவாழ்வுப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மாணவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அவற்றில் பாதி ஒரு காலத்தில் நானே செய்தவை. இடது மூளை வலது கையை இயக்குகிறது என்பதை அவசரத்தில் மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகத் திருந்தும்.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிப்பது

கணக்கும் தர்க்கமும் கைவந்தவர் இடது, கற்பனை மிகுந்தவர் வலது என்ற பிரிவினை வேண்டாம். 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை அலசிய ஆய்வில் அப்படியொரு மனித வகை தென்படவேயில்லை.

'நன்றாகப் பேசுகிறாரே, பாதிப்பு லேசுதான்'

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். நோயாளிக்குப் பேச்சு போனால் குடும்பமே பதறும். பேச்சு இருந்தால் எல்லோரும் ஆறுதலடைந்துவிடுவார்கள். மூளையின் வலப்பாதி பழுதானவர்கள் இந்த ஆறுதலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கவாதத்தின் கடுமையை அளக்க மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோலிலேயே இந்தச் சாய்வு உண்டு. மொத்தம் 42 மதிப்பெண்களில் 7 மொழியைச் சார்ந்தவை. ஒரு பக்கத்தையே கவனியாமல் விடும் குறைக்கு வெறும் 2.

ஒரு பெரியவர் வந்திருந்தார். கோவையாகப் பேசுவார், நகைச்சுவையும் உண்டு. தட்டில் வலப்பாதியில் இருந்ததை மட்டும் உண்டுவிட்டு, இன்று ஏன் குறைவாக வைத்தீர்கள் என்று கேட்டார். பயிற்சி மாணவர் 'பசி குறைவு' என்று எழுதினார். நாளிதழில் தலைப்புகளின் பின்பாதியை மட்டும் வாசித்தார். 'கண் பரிசோதனை தேவை' என்று எழுதினார். சவரம் செய்த முகத்தில் இடக் கன்னம் அப்படியே இருந்தது. 'ஒத்துழைப்பு போதாது' என்று எழுதினார். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். நிலைக்கதவில் இடது தோள் இடித்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்தார்.

கவனத்தைப் பொறுத்தவரை மூளையின் இரு பாதிகளும் சமமாக வேலை செய்வதில்லை. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலப்பாதியோ இரு பக்கங்களையும் கவனிக்கிறது. இடப்பாதி பழுதானால் வலப்பாதி ஈடுகட்டிவிடும். வலப்பாதி பழுதானால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை.

கண்ணில் குறை என்று இன்னும் நினைப்பவர்களுக்கு 1978இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வைச் சொல்வேன். மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நன்கறிந்த இரண்டு நோயாளிகளிடம், பேராலயத்தை நோக்கி நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியுள்ளவற்றைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்கள்தான் பெரும்பாலும் வந்தன. அடுத்து, பேராலய வாசலில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். முதல் முறை விட்டுப்போன கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின. நினைவில் முழுச் சதுக்கமும் இருந்திருக்கிறது. கவனம்தான் இடப்பக்கம் போகவில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் தள்ளிப் போகும். தாள் முழுக்கச் சிறு கோடுகளைச் சிதறவிட்டு எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கக் கோடுகள் அடிபடாமல் கிடக்கும். பார்வையில் பாதிப் பரப்பை மட்டும் இழந்தவர் தலையைத் திருப்பித் தேடக் கற்றுக்கொள்வார். கவனம் போன இவர் தேட மாட்டார். இவரைப் பொறுத்தவரை எதுவும் தொலையவில்லை. இரண்டு குறைகளும் சேர்ந்தும் வரலாம் என்பதால் இரண்டையும் சோதியுங்கள்.

நோயாளியிடமே 'ஏதாவது சிரமம் உண்டா?' என்று கேட்டுக் குறிப்பெழுதுவது இருப்பதிலேயே மோசம். அசையாத இடக் கையை மடியில் வைத்துக்கொண்டே 'கை நன்றாகத்தான் இருக்கிறது' என்பவர்கள் உண்டு. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914இலேயே விவரித்த நிலை இது. பொய் சொல்கிறார், பிடிவாதம் பிடிக்கிறார் என்று எழுதாதீர்கள். பயிற்சியை இடப்பக்கத்திலிருந்து கொடுங்கள், ஆனால் உதவிக்கு அழைக்கும் மணி மட்டும் வலக் கைக்கு எட்டட்டும். மணியையும் இடப்பக்கம் வைத்துவிட்டு 'கூப்பிடவே இல்லையே' என்று சொன்னவர்களும் உண்டு.

பேச்சில்லாதவருக்குப் புரியாது என்று நினைப்பது

1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோகா ஆராய்ந்த நோயாளியின் வாயில் 'டான்' என்ற ஓசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் வரவில்லை. பிறர் பேசியது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. கட்டிலருகே நின்று 'இவர் தேறுவது கடினம்' என்று உறவினரிடம் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரு வாக்கியமும் அமையாத ஒருவர் பழைய பாட்டைச் சொற்களோடு பாடக்கூடும், எரிச்சலில் தெளிவாகத் திட்டவும் கூடும். உடனே 'நடிக்கிறார்' என்று முடிவுகட்டாதீர்கள். பழகி ஊறிய சொற்கள் வரும் வழி வேறு, புதிதாக வாக்கியம் அமைக்கும் வழி வேறு.

இடக்கைக்காரருக்கு மொழி வலப்பாதியில்தான் என்பது

பத்தில் ஏழு பேருக்கு இடப்பாதியில்தான். சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

குரலைக் கேட்டு மனத்தை அளப்பது

வலப்பாதி பழுதானால் குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடலாம்; பிறர் குரலில் இருக்கும் கோபமோ கேலியோ பிடிபடாமலும் போகலாம். 'என் மேல் இவருக்கு அக்கறையே போய்விட்டது' என்று மனைவி அழுவார். அவரிடம், தொனியை நம்பாமல் எதையும் சொல்லாகவே சொல்லப் பழக்குங்கள்: 'எனக்கு வருத்தமாக இருக்கிறது', 'இப்போது கோபமாக இருக்கிறேன்'. கணவரையும் அப்படியே சொல்லவையுங்கள்.

மகிழ்ச்சி இடப்பாதியில், துயரம் வலப்பாதியில் என்ற வாய்பாட்டை வைத்துக்கொண்டு, இடப்பாதி பழுதானவருக்குத்தான் மனச்சோர்வு வரும் என்று எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. பழுது எந்தப் பக்கமானாலும் மனச்சோர்வுக்குச் சோதியுங்கள். பேச இயலாதவரிடம் வினாத்தாளை நீட்டாமல், உடனிருந்து கவனிப்பவரிடம் அவருடைய உறக்கம், அழுகை, ஆர்வம் பற்றி விசாரித்து எழுதுங்கள்.