அனம்பாஸுக்குப் பாய்மரப் படகில்: முதல்முறை போவோருக்கு

படகு வாடகை என்றால் நம்ம சிங்கப்பூரில் லாசரஸ் தீவுவரை ஓர் அரை நாள் உலா. இன்னும் தள்ளிப் போக ஆசையா? தென்சீனக் கடலில், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் மாநிலத்தில் அனம்பாஸ் இருக்கிறது. பெரிய ஊர் தாரெம்பா. இங்கிருந்து வடகிழக்கே சுமார் 170 கடல் மைல்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், படகை அப்புறம் பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அலை பெரிதாக எழும், அந்தப் பக்கமே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தெற்கிலிருந்து வரும். போகும்போது அது தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் திரும்பி வர டீசலைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். விடியற்காலையில் திடீரென வீசும் ‘சுமத்ரா’ புயற்காற்றும் இந்த மாதங்களில் உண்டு. இருட்டும் முன்பே பாயைக் கொஞ்சம் சுருக்கிவைப்பது நல்லது.

அடுத்து நாள் கணக்கு. 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 170 கடல் மைலுக்கு 34 மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுக்கக் கடலில். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் நுழைவுப் பதிவுக்கு ஒரு நாள். போக வர இதற்கே ஐந்து நாள் போய்விடும். ஒரு வார விடுப்பில் இதை முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து நாள் எடுங்கள், அதில் இரண்டை வானிலைக்கென்று விட்டுவிடுங்கள்.

படகைக் கேப்டனோடு எடுங்கள். சிங்கப்பூர் நீரிணையில் கப்பல் பாதையைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் தரக்கூடாது. புதியவர் பழகிக்கொள்ளும் இடமல்ல அது. வாடகைக்குத் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, காப்புறுதி இந்தோனேசியக் கடலிலும் செல்லுமா என்பது. எழுத்தில் வாங்குங்கள்.

தாள் வேலைதான் ஆளைச் சோர வைக்கும். இந்தோனேசியாவில் சுங்கம், குடிநுழைவு, தனிமைப்படுத்தல், துறைமுகம் என நான்கு அலுவலகங்கள். பாத்தாமின் நொங்சா பாயிண்ட் மரீனா என்ற படகுத்துறை வழியாக நுழைவது புதியவருக்கு எளிது. வெள்ளி மதியம் தொழுகை நேரம். அப்போது போய் நிற்காதீர்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை, இந்தியக் கடப்பிதழுக்குத் தேவை. பிஆர்காரர்கள் (சிங்கப்பூர் நிரந்தரவாசிகள்) மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கிவிடலாம். இரவுப் பயணத்துக்குப் புளிச்சோறுதான் சரி. ஆடும் படகில் யாரும் அடுப்புப் பக்கம் போக மாட்டார்கள். கடல் மயக்க மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

தீவுகளுக்குள் நுழைவது வெயில் ஏறிய பிறகே, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது. அப்போதுதான் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தை மட்டும் நம்பாமல் செயற்கைக்கோள் படங்களையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள், சங்கிலி ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். கிராமங்களில் இறங்கும்போது நீச்சலுடை மேல் சட்டையும் கைலியும் போட்டுக்கொள்ளுங்கள். ரூப்பியாவை இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள், சில்லறை நோட்டாக.