மேற்பரப்பு ஆய்வகம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரி மாவட்டத்தை முன்வைத்து

மேற்பரப்புகளையும் இடைமுகங்களையும் (இரு பொருள்கள் சந்திக்கும் எல்லைகளையும்) ஆராய ஆய்வகம் தொடங்கும் குமரி மாவட்டக் கல்லூரிகள் முதலில் தவிர்க்க வேண்டியது, அறையைப் பற்றி யோசிக்காமல் கருவிக்கு ஆர்டர் கொடுப்பதுதான். எக்ஸ்-கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களைக் கொண்டு மாதிரியின் மேற்பரப்பிலுள்ள தனிமங்களை அறியும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலைமானி ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆழம் வரை மட்டுமே பார்க்கிறது; ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப் படலமே மாதிரியை மறைத்துவிடும். 10⁻⁶ டார் (டார் என்பது அழுத்த அலகு) என்ற வெற்றிட அழுத்தத்தில்கூட, மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஏறத்தாழ ஒரு விநாடியில் மேற்பரப்பு முழுவதும் ஓரடுக்கு வாயு படிந்துவிடும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு உப்பும் வருகிறது. ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைசலாகி மின்சுற்றுப் பலகைகளை அரிக்கும். மாதிரியில் இல்லாத சோடியமும் குளோரினும் நிறமாலையில் தோன்றும். ஆகவே ஜன்னலை நன்கு அடைத்து, வடிகட்டிய காற்றை மட்டுமே உள்ளே விட வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் ஏசியை அணைப்பது, என் பார்வையில், மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸிலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருந்தால் அதன் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. ஏசி நின்ற அறைக்குள் நுழையும் அந்தக் காற்று 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் லென்ஸிலும் உலோகத்திலும் பட்டவுடன் நீர் கோத்துக்கொள்ளும்.

நீரிலும் கவனம் வேண்டும். நன்கு சுத்தம் செய்த கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தூய நீரை விட்டால் அது பரவிப் படலமாகிவிடும். அதே தகட்டைத் திறந்த மேசையில் வைத்துவிட்டு மறுநாள் துளி விட்டால், காற்றிலிருந்து படிந்த கரிமப் பொருள்களால் அது குமிழாக எழுந்து நிற்கும். அப்போது அளக்கும் தொடுகோணம் (துளியின் விளிம்பு தகட்டோடு அமைக்கும் கோணம்) கண்ணாடியினுடையது அன்று, அழுக்கினுடையது. 18.2 மெகாஓம்-செ.மீ. மின்தடைத்திறன் கொண்ட மிகத் தூய நீரும் பிளாஸ்டிக் கேனில் நாள்கணக்கில் இருந்தால் கெட்டுவிடும் என்பதால், அன்றன்றைக்குப் பிடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். 25 டிகிரியில் அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன் இருக்கிறதா என்று முதலில் சரிபார்ப்பது நல்லது. ரப்பர் பால், இல்மனைட் (டைட்டானியம் தாது) மணல் என நம் மாவட்டத்தின் மாதிரிகளைக் கையாளும் இடத்தை அளவீட்டு அறையிலிருந்து பிரித்து வைப்பதும் அவசியம்.

நுண்ணிய ஊசிமுனையால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியை, அதிர்வு தாக்காதபடி தரைத்தளத்தில், பேருந்துச் சாலையிலிருந்து விலகிய பக்கத்தில் வைக்க வேண்டும். மின்தடையின்போது வெற்றிடம் உண்டாக்கும் எண்ணெய் பம்பு நின்றால் அதன் எண்ணெய் வெற்றிட அறைக்குள் ஏறும். தானாக மூடும் வால்வும் யூபிஎஸ்ஸும் கருவியின் விலையோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.