எண் 12, தையல்காரர்

வம்சத்தைத் தேடப் போகிறேன் என்றதும் என் தம்பி கேட்டான்: “ராஜா யாராவது மாட்டுவாரா?” மாட்டினாலும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேல் 8 என்று போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். (உறவுக்குள் கல்யாணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருப்பார்.) ஒருவர் ராஜாவே என்றாலும் மீதிப் பேர் ஏதோ வேலை செய்துதான் பிழைத்திருப்பார்கள். எனக்கு அந்த மீதிப் பேர்தான் வேண்டும்.

முதலில் எண் போடுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 1590-லேயே ஐரோப்பாவில் அச்சில் வந்துவிட்ட முறை இது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் குடும்பங்களில்கூடக் குழப்பமே வராது. என் அம்மாவுடைய அப்பாவின் அப்பா 12. தையல்காரர்.

ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த வருஷம்கூடப் போகலாம். முதலில் வீட்டில் வயதில் மூத்தவரிடம் போங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் விட்டுவிட்டு, வேலையைப் பற்றிக் கேளுங்கள். தேதி கேட்டால் தெரியாது என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். என் அம்மாவின் அத்தை, எனக்கு அத்தைப்பாட்டி, அந்தத் தையல்காரரின் மகள். தன் அப்பா பிறந்த வருஷம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஊசி ஏறிப் பிளந்த இடது கட்டைவிரல் நகம், கழுத்தில் அளவு நாடாவோடு தூங்கிப்போவது, வந்தவரின் முகம் மறந்தாலும் தோள் அளவு மறக்காதது என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சோடு பேச்சாக, “பெரிய காய்ச்சல்ல அவங்கம்மா போனப்போ அப்பா கைக்குழந்தை” என்றார். 1918 இன்ஃப்ளூயன்சா! வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதுக்காரர்களை நிறையப் பலிகொண்ட காய்ச்சல் அது. ஆக, பிறந்தது 1917 வாக்கில்.

எழுதும்போது ‘சுமார்’ என்று சேர்த்து, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் குறியுங்கள். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் முதலில் எழுதியதை அடிக்க வேண்டாம். கீழே அதையும் எழுதுங்கள்.

அப்புறம் பொருள்கள். எங்கள் வீட்டில் ஒரு சிங்கர் தையல் மெஷின் இருக்கிறது. அதன் வரிசை எண்ணில் முன்னால் வரும் எழுத்துகள் எந்தத் தொழிற்சாலை என்று காட்டும். எண் பட்டியலோடு ஒப்பிட்டால் வருஷமும் கிடைக்கும். எங்களுடையது 1925. தையல்காரத் தாத்தா தன் சம்பாத்தியத்தில் புதிதாக வாங்கியது என்று மாமா பெருமையாகச் சொல்லுவார். 1925-ல் தாத்தாவுக்கு ஏழெட்டு வயது! பழைய மெஷினாக வாங்கியிருப்பார் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பத்திரம், திருமணப் பதிவு, கப்பல் பயணிகள் பட்டியல் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஆனால் முன்பின் தெரியாத யாரோ போட்டுவைத்த மரத்தை அப்படியே உங்களுடையதாக்கிக்கொள்ளாதீர்கள். பூர்வீகம் எது என்று டிஎன்ஏ சோதனையில் வரும் சதவீதங்கள் வெறும் மதிப்பீடு. உறவுக்காரர்களைக் கண்டுபிடிக்க அது உதவும், வீட்டில் யாரும் சொல்லாத ரகசியத்தையும் சேர்த்து அவிழ்த்துவிடும். யோசித்துச் செய்யுங்கள்.

ஒலிப்பதிவை மட்டும் சில மாதம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். நான் கேட்டேன். “அது அத்தைப்பாட்டி மெஷினு” என்று ஓரிடத்தில் வருகிறது. முதல் தடவை, என் வாயால் கூப்பிடுகிற மாதிரி தன்னைத்தானே அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படித்தானே பேசுவார்கள்? மறுபடி போய், “யாருக்கு அத்தைப்பாட்டி?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான்டா. எங்கப்பாவோட அத்தை. தாயில்லாப் புள்ளைய அவங்கதான் வளர்த்தாங்க. அப்பாவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்.”

உறவுமுறைச் சொல் வரும் இடத்திலெல்லாம் ‘யாருக்கு’ என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். எனக்கு அது எட்டு மாதம் தாமதமாகத்தான் உறைத்தது.

அந்த அத்தைக்கு என் பட்டியலில் எண் கிடையாது. இரட்டிப்புக் கணக்கில் பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடம். 12-க்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறேன்: ‘அத்தை. தையல். 1925 மெஷின்.’ பெயர் கேட்டதற்கு அத்தைப்பாட்டி சிரித்தார். “எல்லாரும் அத்தை அத்தைன்னே கூப்பிட்டாங்க, பேரை யாருடா கேட்டா? இரு, யோசிச்சுச் சொல்றேன்.”