ஃபிஷ் ஃபைண்டர்: வாங்கும்போதும் பழகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் ஃபிஷ் ஃபைண்டர் என்று விற்கிறார்கள், கரையில் எக்கோ என்கிறார்கள். அந்தக் கருவி செய்வது ஒரே ஒரு வேலை. கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது எதன் மீதாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி 0.1 நொடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். திரும்பி வந்த ஒலி எவ்வளவு வலுவாக இருந்தது என்பதை நிறமாகக் காட்டுகிறது. ஒரே ஒலிக்கற்றையைக் கீழே அனுப்பும் சாதாரணக் கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கீழே இருப்பது என்ன மீன், அது படகுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரையில் தெரிவதைக் கடலடியின் புகைப்படம்போல நம்பிவிடுவதால்தான் பழகும்போது வருகிற தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

வாங்கும்போது வரும் தவறு வேறு மாதிரி. எல்லோரும் முதலில் பார்ப்பது திரையின் அளவை. அடுத்தது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஆழத்தை. இரண்டையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் எந்த ஆழத்தில் தொழில் செய்கிறீர்கள் என்பது. பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். அங்கே 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை தாராளமாகப் போதும். மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதிலும் அதுதான் மேல். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டு வரை போகிறவருக்கும், குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களைப் போல ஆழ்கடலில் தங்குகிறவருக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் வசதியும் வேண்டும். உப்புநீர் உயர்ந்த அலைவரிசை ஒலியை வேகமாக உறிஞ்சிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ஆழம் நல்ல நிலைமையில் கிடைக்கக்கூடியது. நம் கடலில் அதில் கணிசமான பகுதியைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. ஏரி, அணைகளில் மீன் பிடிக்கிறவர்களுக்காகச் செய்த மலிவான மாடல்களைக் கடலுக்கு வாங்கி ஏமாறுவது இப்படித்தான்.

அனுப்பும் ஒலியின் வலுவைச் சொல்லும் வாட் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கம்பெனி 500 வாட் என்று போடும், இன்னொன்று 4,000 வாட் என்று போடும். முதலாவது ஆர்எம்எஸ் (சராசரி வலு) அளவாகவும், இரண்டாவது பீக்-டு-பீக் (உச்ச வலு) அளவாகவும் இருந்தால் இரண்டும் ஒன்றே. பீக்-டு-பீக் எண்ணை எட்டால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால், கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் கருத்தில் இந்தக் கருவியின் உயிர் திரையில் இல்லை. படகுக்கு அடியில் நீரைத் தொட்டுக்கொண்டு, ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசரில் இருக்கிறது. ஐந்து அங்குலத் திரையோடு சரியாகப் பொருத்திய நல்ல டிரான்ஸ்டியூசர் கொடுப்பதை, ஒன்பது அங்குலத் திரையோடு கோணலாகப் பொருத்தியது கொடுக்காது. பணம் மிச்சம் இருந்தால் அங்கே போடுங்கள்.

பொருத்துவதில் பெரிய எதிரி காற்று. ஒலி நீரில் நன்றாகப் போகும். இடையில் காற்றுக்குமிழி வந்தால் அங்கேயே திரும்பிவிடும். எஞ்சின் விசிறி கிளப்பும் குமிழிகள், படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்று எழுப்பும் நுரை என எது டிரான்ஸ்டியூசரின் முகத்தைக் கடந்தாலும் திரை வெறிச்சென்று ஆகும். மெதுவாகப் போகும்போது தரை தெரிகிறது, வேகம் எடுத்ததும் காணாமல் போகிறது என்றால் கருவி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பொருத்திய இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விசிறியிலிருந்து தள்ளி, அதன் இலைகள் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் வைப்பது வழக்கம். பின்னால் நின்று பார்க்கும்போது விசிறி கடிகார முள் திசையில் சுற்றினால் அது வலப்பக்கம். டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, நீர்மட்டத்துக்கு இணையாக, நேரே கீழே பார்த்திருக்க வேண்டும்.

மணலில் ஏற்றி இறக்கும் ஃபைபர் படகுகளில் இது இன்னும் சிக்கல். பின்பக்கத்தில் நிலையாக முடுக்கிவிட்டால், அலையில் கரையேறும்போது முதலில் அடிபடுவது அதுதான். மேலே மடக்கிக்கொள்ளும் தாங்கியோ, கடலுக்குப் போனபின் இறக்கிவிடும் குழாயோ வைத்துக்கொள்வது நல்லது. குழாய் ஆடினால் திரையில் கோடும் ஆடும், அதனால் நன்றாக இறுக்க வேண்டும். படகுக்கு உள்ளேயே அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. திடமான ஃபைபராக இருந்தால் ஒலி ஊடுருவும், கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே நுரையோ பலகையோ இருந்தால் ஒலி போகவே போகாது. மரப்படகிலும் இந்த முறை உதவாது. ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, ஒட்ட நினைக்கும் இடத்தில் வைத்து ஆழத்தைப் பாருங்கள். அப்புறம் அதையே படகுக்கு வெளியே நேரடியாக நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் தரை ஏறக்குறைய ஒரே தெளிவில் வந்தால் ஒட்டலாம்.

ஒயர் நீளமாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டக்கூடாது. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு இணைப்பும் ஃபியூஸும் கொடுங்கள். எஞ்சின் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் திரை முழுக்கப் புள்ளிகள் வரும்.

சரி, திரைக்கு வருவோம். வலது ஓரத்தில் இருக்கும் ஒரு கோடு மட்டும்தான் இந்த நொடியில் நடப்பது. அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் நடந்து முடிந்தது. படகு நங்கூரத்தில் நின்றாலும் திரை நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது ஒரு சின்ன மீன் கீழேயே நின்றிருந்தால் திரையில் நீளமான கோடாக விழும். அதைப் பார்த்துப் பெரிய மீன் என்று தூண்டிலை மாற்றுகிறவர்கள் உண்டு. கோட்டின் நீளம் மீன் எவ்வளவு நேரம் ஒலிக்கற்றைக்குள் இருந்தது என்பதைத்தான் சொல்லும். வில் போல வளைந்த கோடு வருவதும் இதனால்தான். மீன் கற்றையின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். ஓரத்தை மட்டும் தொட்டுப் போன மீன் பாதி வில்லாகத்தான் தெரியும்.

அந்தக் கற்றையின் அகலத்தையும் மனதில் வையுங்கள். 20 டிகிரிக் கற்றை 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். 30 மீட்டரில் பத்தரை மீட்டர். ஆழம் குறைந்த இடத்தில் திரை காலியாக இருப்பதால் மீனே இல்லை என்று கிளம்பிவிடக் கூடாது. பக்கத்திலேயே கூட்டம் நிற்கலாம்.

மீன் சின்னம் காட்டும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். திரும்பி வந்த ஒலியைக் கருவி தானாக ஊகித்து மீன் பொம்மை போடுகிறது. குமிழிக் கூட்டத்துக்கும் போடும், மிதக்கும் பாசிக்கும் போடும். அதைப் பார்த்தே பழகியவருக்கு உண்மையான எதிரொலியைப் படிக்கும் கண் வரவே வராது. ஆட்டோ அமைப்பையும் முழுக்க நம்ப வேண்டாம். திரும்பி வரும் ஒலியைப் பெருக்கிக் காட்டும் கெயினை மெதுவாக ஏற்றுங்கள், நீர் முழுக்கப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகள் மறையும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அங்கேதான் மெல்லிய எதிரொலிகள் தெரியும். அலகையும் ஒருமுறை பாருங்கள். அடி, மீட்டர், பாகம் மூன்றும் பெரும்பாலான கருவிகளில் உண்டு. ஒரு பாகம் சுமார் 1.83 மீட்டர். பாகக் கணக்கிலேயே கடலை அறிந்தவர் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

இனி பலர் யோசிக்காத ஒன்று. மீனின் உடம்பில் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புவது சதையோ முள்ளோ அல்ல, அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை. வஞ்சிரத்துக்கு, அதாவது குமரிப் பக்கம் நெய்மீன் என்பதற்கு, காற்றுப் பை கிடையாது. சுறாவுக்கும் கணவாய்க்கும் கிடையாது. அதனால் நல்ல எடையுள்ள வஞ்சிரம்கூடத் திரையில் மங்கலாகத்தான் விழும். காற்றுப் பை உள்ள சிறிய மீன்களின் கூட்டமோ சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். பளிச்சென்ற நிறத்தைப் பெரிய மீனாகவும், மங்கலை ஒன்றுமில்லாததாகவும் படிப்பது நஷ்டத்தில் முடியும். மங்கலான கோடுகளையும் கூட்டத்தின் கீழே, ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

மீனைத் தேடும் அவசரத்தில் தரையைப் படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. எனக்கு இந்தக் கருவியின் பெரிய லாபமே அங்கேதான் தெரிகிறது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிக்கி வலை கிழிந்தால் அன்றைய வருமானத்தோடு முடியாது, நாள்கணக்கில் தைக்க வேண்டும். திரை எவ்வளவு ஆழம் வரை காட்ட வேண்டும் என்ற ரேஞ்சை, ஆழத்தைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாக வையுங்கள். 15 மீட்டரில் 35 வையுங்கள். தரை கடினமாக இருந்தால் ஒலி நீர்மட்டம் வரை வந்து மறுபடி கீழே போய்த் திரும்பி, 30 மீட்டரில் இரண்டாவது தரை ஒன்றைக் காட்டும். சேறாக இருந்தால் அந்த இரண்டாவது கோடு மெலிந்திருக்கும், இல்லாமலும் போகும். தரையை ஒட்டிக் கிடக்கும் மீன் தரையின் எதிரொலிக்குள் மறைந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். சரிவில் இது இன்னும் மோசம்.

ஆழ்கடலில் நடுநீரில் ஒரு பட்டை தெரிந்தால் அதைத் தரை என்று எண்ண வேண்டாம். 1942ல் கலிபோர்னியாக் கடலில், ஒலியால் நீருக்குள் தேடும் சோனாரைச் சோதித்த ஆய்வாளர்களே இப்படியொரு அடுக்கைச் சந்தித்துக் குழம்பினார்கள். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அது இரவில் மேலே ஏறி வந்தது; சிறு மீன்களும் இறால் வகைகளும் கூடிய உயிர்க்கூட்டம் என்பது பின்னால் தெரிந்தது.

பழகுவதற்கு நீங்கள் ஏற்கெனவே நன்றாக அறிந்த இடத்துக்குப் போங்கள். எங்கே பார், எங்கே மணல், எங்கே சேறு என்று தெரிந்த தடத்தில் மெதுவாக ஓட்டித் திரையைப் பாருங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைச் சரிபாருங்கள். குண்டின் அடியில் கொஞ்சம் மெழுகோ கிரீஸோ தடவினால் தரை மண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். வலை விடுவதற்கு முன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஏறிய மீனின் பெயரையும் ஆழத்தையும் அதோடு குறித்து வையுங்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்து, மீன் கூடும் வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. கடல்மட்ட வெப்பமும் பச்சையமும்தான் அதற்கு அடிப்படை. நீருக்கடியில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அந்தப் பகுதிக்குப் போனபின் எக்கோவைப் போட்டு ஓட்டிப் பார்த்து, குறித்து வைத்த படங்களோடு ஒப்பிட்ட பிறகு வலையை இறக்கலாம்.