ஜெர்மனியில் பெர்மிட் முடியப்போகிறது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லையா?

என் குடியிருப்பு அனுமதி முடியச் சில வாரங்களே இருந்தன, வெளிநாட்டினர் அலுவலகத் தளத்தில் ஒரு தேதியும் காலி இல்லை. சரி என்று நீட்டிப்பு விண்ணப்பம், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், காப்பீட்டுச் சான்று, பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் போட்டேன். அந்தத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி.

அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், குடியிருப்புச் சட்டம் 81(4)-ன்படி முடிவு வரும்வரை பழைய அனுமதியே செல்லும், வேலையும் தொடரலாம். அப்புறம் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்கிற இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கையோடு, உள்ளே இருக்கும் மூன்று கட்டங்களில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 81(4) என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 81(3) என்றால் அதை நம்பி டிக்கெட் போடவே போடாதீர்கள், மறுபடி உள்ளே நுழைய அது உதவாது.