சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கன்டாம் குட்டி ரோபோ சேர்ப்பது எப்படி

எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. காசு போட்டுத் திருகினால் குட்டிக் கன்டாம் ரோபோ பொம்மை உள்ள பிளாஸ்டிக் உருண்டை விழுமே, அந்த இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் பேரங்காடியைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும். அதனால் கோலாலம்பூரில் இருப்பவர் சேர்ப்பதுபோல் நம்மால் சேர்க்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். தோட்டப்புறச் சிற்றூரில் இருப்பவருக்குச் சேகரிப்பு வளர்வது திருகுவதால் இல்லை, மாற்றிக்கொள்வதால்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது, காசும் நிறையப் போனது. நீங்கள் அவ்வளவு செலவு செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. மொபைல் சூட் கன்டாம் என்ற ரோபோ கார்ட்டூன் தொடர் ஜப்பான் தொலைக்காட்சியில் 1979 ஏப்ரல் 7 அன்று தொடங்கியது. இயக்குநர் யோஷியுகி தோமினோ, ரோபோக்களை வரைந்தவர் குனியோ ஒகாவாரா. 52 வாரம் ஓட வேண்டிய தொடர், பொம்மை விற்கவில்லை என்று 43 பாகத்தோடு 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதே வருடம் ஜூலையில் பந்தாய் நிறுவனம் 300 யென்னுக்கு ஒட்டிக் கட்டும் மாதிரியை வெளியிட்டது, மறு ஒளிபரப்பும் சேர்ந்துகொண்டது, அதற்கப்புறம் இதைத் தடுக்க ஆளில்லை. உருண்டை வியாபாரத்தில் பந்தாய் அதற்கு முன்பே, 1977லேயே இறங்கிவிட்டது. கைப்பிடியைத் திருகும்போது 'காஷா', உருண்டை விழும்போது 'போன்'. அந்தச் சத்தத்தையே பெயராக்கி காஷாப்போன் என்று வைத்துவிட்டார்கள்.

நாம் சேர்க்கும் பெரிய தலை, குட்டைக் கால் ரோபோ பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கோஜி யோகோய் என்ற இளம் வாசகர் பந்தாயின் மாத இதழுக்குத் தான் வரைந்த குட்டிக் கன்டாம் படங்களை அனுப்பினார். அது பிடித்துப்போய், 1985ல் எஸ்டி கன்டாம் (சூப்பர் டிஃபார்ம்ட், அதாவது உருவத்தைக் குறுக்கிய கன்டாம்) என்று உருண்டைக்குள் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அவை ஒரே நிறத்தில் வார்த்த ரப்பர் மாதிரியான பொம்மைகள். ஜப்பானில் 'அழிப்பான்' என்றுதான் பெயர், ஆனால் பென்சில் கோட்டை அழிக்காது, ஏனென்றால் அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வாசலில் சில்லறைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இவற்றின் நகல்கள்தான். இப்போது வருபவை வண்ணம் பூசியவை, மூட்டு அசைபவை, ஆயுதம் கழற்றி மாட்டுபவை. ஜப்பானில் 300லிருந்து 500 யென், இங்கே வந்து சேரும்போது இன்னும் கூடும்.

சரி, எதைச் சேர்ப்பது? எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று ஆரம்பிப்பவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆசை அறுபது நாள்தான். ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். முதல் தொடரில் வரும் இயந்திரங்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஆர்எக்ஸ்-78-2 கன்டாம், கன்கேனன், கன்டேங், எதிர்ப்பக்கம் ஸாக்கு, கூஃப், டோம், கெல்கூக். அல்லது சாமுராய் கவசம் போட்ட முஷா கன்டாம்கள் மட்டும். என்னுடையது ஸாக்கு. பச்சை ஸாக்கு, எதிரணி வீரன் ஷார் ஓட்டும் சிவப்பு ஸாக்கு, பாலைவன ஸாக்கு, எந்தத் தொடரில் எந்த வடிவில் வந்தாலும் சரி, ஒற்றைக் கண் இருந்தால் எனக்கு வேண்டும், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ள வைத்திருப்பவை. இப்படி ஒரு கோடு இருந்தால் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது கை தானாக நிற்கும், இன்னொன்று, உங்களிடம் எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஊரில் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். அது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்புறம் புரியும்.

இப்போது கணக்கு. ஒரு வரிசையில், அதாவது ஒரே இயந்திரத்தில் வரும் ஒரு தொகுதியில், 6 வகை, ஆறும் சம அளவில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் திருகியே முடிக்க சராசரியாக எத்தனை முறை திருக வேண்டும்? 14.7 முறை, அதாவது கிட்டத்தட்ட 15. முதல் மூன்று வகை சராசரியாக நான்கு திருகலுக்குள் வந்துவிடும், ஐந்தாவது வரை கூட ஒன்பது திருகல் போதும், ஆனால் கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக ஆறு முறை திருக வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் காசு கடைசி இரண்டு பொம்மைக்கே போகிறது. மளிகைக் கடையில் திக்காம் என்ற அதிர்ஷ்ட அட்டையைக் கிழித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அரிப்பு நன்றாகத் தெரியும், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று. அதனால் என்னுடைய விதி, ஒரு வரிசையில் நான்கு திருகலுக்கு மேல் கிடையாது. கிடைத்தது கிடைத்தபடி, மீதியை மாற்றி வாங்கு. உண்மையில் எல்லா வகையும் சம அளவில் போடப்பட்டிருக்கும் என்றும் சொல்ல முடியாது, அதனால் கடைசி ஒன்றைத் துரத்துவது இந்தக் கணக்கைவிட மோசமாகக்கூடப் போகலாம்.

திருகுவதற்கு முன் இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். முன்பக்க அட்டையில் வரிசையில் உள்ள எல்லா வகையும் படமாக இருக்கும். கண்ணாடி வழியாக அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பாருங்கள், ஒளி ஊடுருவும் உருண்டையாக இருந்தால் உள்ளே பச்சையா சிவப்பா என்று சில சமயம் தெரியும். இயந்திரம் காலியாகும் தறுவாயில் இருந்தால் நான் திருக மாட்டேன், எல்லோரும் விரும்பும் வகையை முன்பே யாரோ துடைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம். உருண்டையை அங்கேயே திறந்து, உள்ளே உள்ள எல்லாத் துண்டுகளும் இருக்கிறதா என்று கூடவே வரும் விளக்கத் தாளைப் பார்த்து எண்ணுங்கள், ஸாக்குவின் கோடரி கை நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது, பேருந்து நிலையத்தில் திறந்தால் அது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிக்கொள்வதுதான் இதில் உயிர். எங்கள் ஊரில் இதற்கென்று சங்கம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் முடித்த பிறகு நான்கைந்து பேர் உட்காருவோம், ஒரு மலாய்க்காரத் தம்பி குவாலா கங்சாரிலிருந்து வருவார், கைப்பேசிக் கடை வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர் வருவார். "அண்ணே, ஒங்ககிட்ட டோம் ரெண்டு இருக்குல்ல, ஒன்னு கொடுங்க, சிவப்பு ஸாக்கு தரேன்" என்று தம்பி ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். இதில் சில பழக்கங்களை உறுதியாக வைத்திருங்கள். ஒரே விலை இயந்திரத்தில் வந்தது என்றால் ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான், அரிது என்று சொல்லி மூன்று கேட்பவரிடம் அடுத்த வாரம் யாரும் உட்கார மாட்டார்கள். குறை இருந்தால் கொடுப்பவர் முதலில் சொல்ல வேண்டும், வண்ணம் உரிந்தது, கொம்பு வளைந்தது, தாள் இல்லை, எதுவாக இருந்தாலும். சின்னப் பிள்ளைகளோடு மாற்றும்போது அவர்களுடைய அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும், பிள்ளைக்கு எது பிடித்திருக்கிறதோ அதை எடுக்க விடுங்கள். யாராவது ஈப்போவுக்குப் போனால் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பி எந்த வரிசை வந்திருக்கிறது என்று படம் போடுவார், ஆளுக்கு இரண்டு திருகல் என்று காசு கொடுத்துவிடுவோம். ஐந்து பேர் இரண்டிரண்டு திருகினால் பத்து. தனியாகத் திருகிய பத்துக்கும் இந்தப் பத்துக்கும் வித்தியாசம் என்னவென்றால், இதில் மிஞ்சுவது எதுவும் வீணாவதில்லை, உங்களுக்கு இரட்டை என்றால் இன்னொருவருக்கு அதுதான் முதல்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கூடையில் கொட்டி விற்பதை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளை விளையாட வாங்கலாம், ஆனால் மாற்றும்போது அசல் என்று கொடுக்காதீர்கள். அசலில் பாதத்தின் அடியிலோ முதுகிலோ பந்தாய் பெயரும், சோட்சு, சன்ரைஸ் என்ற நிறுவனங்களின் உரிமைக் குறியும் சின்னதாக ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். போலியில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும், அல்லது எழுத்து இருந்தும் கரைந்த மாதிரி தெளிவில்லாமல் இருக்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்ப்பதால் போலி பொதுவாக ஒரு மயிரிழை சின்னதாகவும் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் தெரியும். மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழையதை மொத்தமாக வாங்கினால் பெரும்பாலும் பிசுபிசுப்பாகத்தான் வரும். அது அழுக்கு மட்டும் இல்லை. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மேலே கசிந்து வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே காய வையுங்கள். தின்னர், நகப்பூச்சு கழுவும் நீர் இரண்டையும் கிட்டே கொண்டு போகாதீர்கள், வண்ணத்தோடு முகத்தையும் தின்றுவிடும். வளைந்த வாள், சாய்ந்து நிற்கும் உடம்பு, இவற்றுக்குக் கொதித்து இறக்கிய தண்ணீரை மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, அதில் முக்கி, மென்மையானதும் நேராகப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். குளிரும்வரை கையை விடக்கூடாது. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

நம் ஊர் வெயிலும் ஈரமும்தான் இந்தப் பொம்மைகளுக்கு உண்மையான எதிரி, அதனால் எதில் வைப்பது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். நான் முதலில் சேர்த்த முப்பது பொம்மைகளை, பளபளவென்று தெளிவாக இருந்த கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி அலமாரிக்கு மேலே வைத்தேன், தகரக் கூரைக்கு நேர் கீழே. எட்டு மாதம் கழித்து எடுத்தபோது பொம்மைகள் டப்பாவின் அடியில் குழி விழுந்து ஒட்டிப்போயிருந்தன, பிய்த்ததில் மூன்றுக்குக் கால் போனது. பிவிசியிலிருந்து கசியும் அதே எண்ணெய் பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுகிறது. பழைய அழிப்பான் ரூலரோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், 6 என்றால் வேண்டாம், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், வாங்கலாம். சாப்பாடு தாப்பாவ் செய்யும், அதாவது கட்டிக் கொடுக்கும் டப்பாக்களில் நிறைய 5தான், கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வெள்ளை நுரைப் பெட்டியும் 6தான், அதிலும் வைக்காதீர்கள்.

சிவப்பையும் வெள்ளையையும் தொட்டபடி வைக்கக் கூடாது, சிவப்பு ஸாக்குவின் சாயம் வெள்ளைக் கன்டாமின் மேல் ஏறினால் கழுவினாலும் போகாது. நாளிதழில் சுற்றுவதும் அப்படித்தான், அச்சு மை இறங்கிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், பால்மரம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நம் வெயிலில் அது இளகி ஒட்டிக்கொண்டு தழும்பை விட்டுவிடும். அழகாக இருக்கிறது என்று உருண்டைக்குள்ளேயே வருடக்கணக்கில் பூட்டி வைப்பதும் நல்லதில்லை, காற்றில்லாமல் பிசுபிசுப்பு சீக்கிரம் வரும். சன்னல் ஓரம் வேண்டாம், வெயில் பட்டால் வெள்ளைப் பாகம் மஞ்சளாகும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் மத்தியானம் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

உள்ளே வரும் சின்னத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வரிசை, எத்தனை வகை, எந்தத் துண்டு எதற்கு என்று சொல்வது அது ஒன்றுதான், மாற்றும்போதும் தாளோடு இருந்தால் மரியாதை தனி. தாளைப் பொம்மையோடு சேர்த்து வைத்தால் எண்ணெய்க் கறை பிடிக்கும், அதனால் தனியாக, கோப்பில் செருகும் உறையில், ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெள்ளிப்பூச்சி இரண்டு மழைக்காலத்தில் ஒரு தாள் கட்டையே தின்றுவிடும். அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், திருகியதா மாற்றியதா, யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரட்டைகளின் பட்டியல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்.