அடிபம்பை வைத்து ஒரு ஸ்ட்ரெங்தன் கேள்வி

சித்தி மகள் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுதப்போகிறாள். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பும் சந்தேகங்களில் பாதி ஒரே ரகம்: "கீழே உள்ளவற்றில் எது உண்மையானால் இந்த வாதத்தை அதிகம் வலுப்படுத்தும்?" முதல் தடவை எழுதியபோது நானும் இதில்தான் உதை வாங்கினேன். வாதத்தின் முடிவுக்கு ஒத்து ஊதுகிற விடை எதுவோ அதையே கிளிக் செய்துகொண்டிருந்தேன். நம்ம கட்சிக்காரன் பேசுகிறான் என்ற சந்தோஷம்.

அவளுக்காக நானே ஒரு கேள்வி எழுதினேன். உண்மையில் நடந்த விஷயம்தான்.

"1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். சாவு குறையத் தொடங்கிய பிறகு, செப்டம்பர் 8 அன்று, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இறந்தவர்கள் பம்பைச் சுற்றியே இருந்ததால், நோயைப் பரப்பியது அந்தத் தண்ணீர்தான் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ."

அ) 1849இலும் லண்டனில் காலராவால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.
ஆ) அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் 70க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்காத அவர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை.
இ) பம்பைச் சுற்றியிருந்த வீடுகள்தான் சோஹோவிலேயே அதிக நெரிசலானவை.
ஈ) கைப்பிடியைக் கழற்றிய பிறகு சாவு மேலும் குறைந்தது.
உ) கெட்ட தண்ணீர் நோய் தரும் என்று வேறு சில மருத்துவர்களும் நம்பினார்கள்.

இ, உ இரண்டும் என் கற்பனை. தேர்வில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். "உண்மையானால்" என்று கேள்வியே சொல்லிவிட்டது, ஐந்தையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கணினித் திரை என்றாலும் பழகும்வரை மறைக்கத்தான் வேண்டும். முடிவு என்ன? தண்ணீர்தான் காரணம். ஆதாரம்? இறந்தவர்கள் பம்புக்குப் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி ஒரு கேள்வி போடுங்கள்: பக்கத்தில் இருந்தால் தண்ணீர்தானா, வேறு எதுவும் இருக்கக்கூடாதா? அன்றைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று நம்பியவர்கள். பம்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஒரே காற்றையும்தான் சுவாசிக்கிறார்கள். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அதை அடைக்க, தண்ணீரையும் காற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஏதோ ஒன்று வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும்.

"பீர் ஆலைக்கும் காலராவுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்று ஆ-வை முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டாள். சரியான விடை பல நேரம் இப்படித்தான், சம்பந்தமில்லாதவன் போல மூலையில் உட்கார்ந்திருக்கும். ஆலைக்காரர்கள் சுவாசித்தது அதே தெருவின் காற்று, குடித்தது மட்டும் வேறு. காற்றுதான் காரணம் என்றால் அவர்களும் செத்திருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அ பழைய கதை. இ எதிராளிக்கு உதவுகிறது, நெரிசலே காரணமாக இருக்கலாமே. உ என் பழைய கட்சிக்காரன், கூட நின்று கோஷம் போடுகிறானே தவிரப் புதிய ஆதாரம் எதையும் கொண்டுவரவில்லை.

ஈ பற்றி ஓர் ஒப்புதல். முதலில் எழுதிக் கொடுத்தபோது, சாவு முன்பே குறையத் தொடங்கியிருந்தது என்பதை விட்டுவிட்டேன். அவள் ஈ என்றாள், ஆ என்று நான் சண்டை போட்டேன். நியாயம் அவள் பக்கம். அந்தச் சேதி இல்லாவிட்டால் ஈ-யும் வாதத்துக்கு நல்ல பலம்தான். சேர்த்த பிறகு, தானாகவே குறைந்துகொண்டிருந்தது மேலும் குறைந்திருக்கலாம் என்று ஆகிறது. அதனால் நடுவில் போகிறபோக்கில் வரும் வரியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கேள்வி எழுதுபவர்கள் பொறியை அங்கேதான் வைப்பார்கள்.

"ஆலைக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டவர்களாக இருந்தால்?" என்று அடுத்த மடக்கு. இருக்கலாம். விடை வாதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் நம்பவைத்தால் போதும். ஆனாலும் அவள் கேட்டதற்கு ஸ்னோவிடமே பதில் இருந்தது. பக்கத்துப் போலந்து தெருவில் ஏழைகள் விடுதி ஒன்று. 535 பேர், நல்ல சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள். இறந்தது 5 பேர். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது.

முதல் பத்து கேள்விகளுக்கு இப்படித் துருவினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஓடிவிடும். ஓடட்டும். இப்போதைய ஜிமேட்டில், இந்த ரகக் கேள்விகள் வரும் வெர்பல் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. கடிகாரம் வைப்பதெல்லாம் ஓட்டை தானாகக் கண்ணில் படத் தொடங்கிய பிறகு.

அன்றிரவு அவளுக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு விதவை, ருசிக்காகப் பிராட் தெருத் தண்ணீரை வரவழைத்துக் குடித்து, காலராவில் இறந்தார். இது வலுப்படுத்துகிறதா, எப்படி?

காலை ஏழரைக்குப் பதில் வந்தது: "காற்று வேறு, தண்ணீர் ஒன்று. பீர் ஆலையைத் திருப்பிப் போட்டிருக்கே. அடுத்ததை அனுப்புண்ணா."